சிரிப்பு ஆறாவது நிமிடத்தில் இருக்கிறது

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராக இருக்கிறேன். நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து மூன்று வருடமாக நகைச்சுவைக் குறும்படம் எடுக்கிறோம். இதுவரை ஐந்து முடித்துவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் ஷூட்டிங். கதை பேசும்போது விழுந்து விழுந்து சிரிக்கிறோம். படமாகப் போட்டுக் காட்டினால் எங்களைத் தவிர ஒருவரும் சிரிப்பதில்லை. கொங்குத் தமிழில் எடுப்பதால்தான் வெளியூர்க்காரர்களுக்கு ஒட்டவில்லை என்கிறான் ஒரு நண்பன். இன்னொருவனுடைய கேமராவில்தான் எடுக்கிறோம். படமே தன்னுடையது என்று அவன் இப்போது சொல்ல ஆரம்பித்திருக்கிறான். சென்னைக்குப் போனால்தான் உருப்படுவோமா? கடைசிப் படத்தை அனுப்பியிருக்கிறேன். மனதில் பட்டதைச் சொல்லுங்கள்.
- ஒரு வாசகர், திருப்பூர்

பதில்:

தம்பி, படத்தை இரண்டு முறை பார்த்தேன். முதல் முறை தனியாக. இரண்டாவது முறை, கோவையில் எங்கள் எடிட்டிங் அறைக்கு டீ கொண்டுவரும் அண்ணனை உட்காரவைத்துக்கொண்டு. அவருக்கு நான் எதுவும் சொல்லவில்லை. பதினான்கு நிமிடத்தில் அவர் ஒரே ஒரு இடத்தில் சிரித்தார், 6 நிமிடம் 40 நொடியில். நானும் முதல் முறை அதே இடத்தில்தான் சிரித்திருந்தேன். ஆக, உங்கள் படத்தில் சிரிப்பே இல்லை என்று சொல்ல முடியாது. இருக்கிறது. நீங்களே அதன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறீர்கள்.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். தங்கை கல்யாணப் பத்திரிகையில் பெரியப்பா பெயர் விட்டுப்போய்விட்டது. ஐநூறு பத்திரிகை அச்சாகி வந்தாயிற்று. அண்ணன்காரன் தாம்பாளம், வெற்றிலை பாக்கு சகிதம் காங்கேயம் பக்கம் தோட்டத்துச் சாளை வீட்டுக்குப் போய்ப் பெரியப்பாவுக்குப் பத்திரிகை வைக்க வேண்டும். அவர் அதைப் படிக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் பக்கத்தில் பத்திரிகையில் பெயர் விட்டுப்போவது எவ்வளவு பெரிய விவகாரம் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அதற்காகப் பத்து வருடம் பேசாமல் இருக்கிற பங்காளிகளை எனக்கே தெரியும். கதை பிரமாதம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி கொஞ்சம் திட்டப்போகிறேன்.

அந்த இடத்துக்கு வருவோம். பையன் பெரியப்பாவின் மூக்குக்கண்ணாடியை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறான். பெரியப்பா திண்ணையைத் தடவிப் பார்த்துவிட்டு, "கண்ணு, கண்ணாடிய எங்கியோ வெச்சுட்டனாட்ட இருக்குது. நீயே படி" என்கிறார். அவன் படிக்கிறான். பத்திரிகையில் இல்லாத பெரியப்பா பெயரை நடுவில் செருகி, கணீரென்று. பெரியவர் கண்ணை மூடிக் கேட்கிறார், தலையாட்டுகிறார். கொஞ்ச நேரம் கழித்துச் சொல்கிறார்: "மறுக்காப் படி."

இங்கேதான் டீக்கடை அண்ணன் சிரித்தார். காரணம் எளிது. தன் பெயரை இன்னொரு தடவை காதில் கேட்க வேண்டும் என்ற ஆசையில் பெரியவர் கேட்கிறார். முதல் தடவை அந்தப் பெயரை எங்கே செருகினோம், சித்தப்பா பெயருக்கு முன்னாலா பின்னாலா என்று பையனுக்கு நினைவில்லை. ஒரே ஒரு சொல், இரண்டு பேருடைய அவஸ்தையும் அதில் வந்துவிடுகிறது. எழுதியது யாரென்று தெரியாது, அவரைக் கைவிட்டுவிடாதீர்கள்.

ஆனால் அந்தச் சொல் வந்த அரை நொடியில் என்ன செய்கிறீர்கள்? "டொய்ங்" என்று ஒரு சத்தம். பையன் கேமராவைப் பார்த்து "மாட்டுனம்டா சாமி" என்கிறான். படம் அப்படியே உறைந்து நிற்கிறது. அப்புறம் ஏதோ ஒரு சினிமாவின் பின்னணி இசை. ஒரு நகைச்சுவையைச் சொல்லிவிட்டு, அதன் பொழிப்புரையை நான்கு தடவை சொல்கிறீர்கள். அண்ணன் சிரிக்க ஆரம்பித்து, அந்தச் சத்தம் வந்ததும் நிறுத்திக்கொண்டார். பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

நான் வெட்டினால் இப்படி வெட்டுவேன். "மறுக்காப் படி" என்று பெரியப்பா சொல்லி முடித்ததும் பையன் முகத்துக்குப் போவேன். வாய் லேசாகத் திறந்திருக்கிறது, பேச்சில்லை. அங்கே இரண்டு நொடி நிற்பேன். நொடிக்கு இருபத்தைந்து ஃபிரேமில் எடுத்திருந்தால் ஐம்பது ஃபிரேம். டைம்லைனில் பார்த்தால் ஒரு யுகம் மாதிரி தெரியும், பயப்படக் கூடாது. பின்னால் தோட்டத்தில் ஒரு மயில் அகவுகிறது. உங்கள் பதிவிலேயே அது இருக்கிறது, இசையைப் போட்டு அமுக்கிவிட்டீர்கள். அப்புறம் பெரியப்பா முகம். கண்ணை மூடி, கையை மடியில் வைத்து, பாட்டுக் கச்சேரிக்குக் காத்திருக்கிறவர் போல. பையன் குரல் மட்டும் கேட்கிறது: "நிகழும் மங்களகரமான..." முதல் தடவையைவிட ஒரு சுருதி குறைந்து. அத்தோடு அடுத்த காட்சி. புதிதாக எதுவும் எடுக்க வேண்டாம், இருப்பதை எடுத்துப் போட்டாலே போதும்.

இதில் இன்னொன்றைக் கவனியுங்கள். பையனாக நடிப்பவர், தான் ஒரு காமெடிப் படத்தில் இருக்கிறோம் என்று தெரிந்தே நடிக்கிறார். புருவத்தைத் தூக்குகிறார், எச்சிலைச் சத்தமாக விழுங்குகிறார். பெரியப்பாவாக வருபவருக்கு அது தெரியாது. அவருக்கு நிஜமாகவே கண்ணாடியைக் காணோம், நிஜமாகவே தன் பெயரைக் கேட்க ஆசை. என் ஊகம், அவர் நடிகரே இல்லை. உங்களில் யாருக்கோ உறவு. கல்யாணம் நின்றுபோய்விடுமோ என்று பயப்படுகிற வீட்டில் ஒருவன் எப்படி இருப்பானோ அப்படிப் பையனும் இருந்தால், சிரிக்க வேண்டிய வேலையைப் பார்க்கிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள்.

கண்ணாடியை ஒளிக்கிற இடமும் இதே கதைதான். கண்ணாடிமேல் ஜூம், கை அதை எடுக்கிற ஜூம், சட்டைப்பையில் ஜூம், அப்புறம் போனில் நண்பனிடம் "கண்ணாடிய ஒளிச்சு வெச்சுட்டன்டா" என்று ஒரு வசனம். எடுப்பதை ஒரு தடவை காட்டினால் போதும். எங்களுக்குப் புரியாமல் போய்விடுமோ என்ற பயம் உங்களுக்கு. கதை பேசும்போது நீங்கள் ஆறு பேரும் சிரித்தது, ஒருவருக்கொருவர் பழக்கம் என்பதால். எவன் எதைச் சொன்னாலும் அவனுடைய பழைய கூத்தும் சேர்ந்து நினைவுக்கு வருகிறது. பார்க்கிறவருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அதை ஈடுகட்டத்தான் சத்தமும் ஜூமும் போடுகிறீர்கள் என்று நினைக்கிறேன்.

படத்தின் நீளம் 14 நிமிடம். அதில் டைட்டில் மட்டும் ஒன்றே கால் நிமிடம்! "பெருமையுடன் வழங்கும்", சுழலும் பூமி, புகைக்குள்ளிருந்து வரும் எழுத்து, நன்றி சொல்லும் பட்டியலில் பதினெட்டுப் பேர். ஆறு பேர் குழுவுக்கு இது கொஞ்சம் அதிகம் தம்பி. நன்றியைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன பொழிப்புரை, ஜூம் எல்லாவற்றையும் வெட்டினால் படம் ஆறரை நிமிடத்துக்கு வந்துவிடும், கதையில் ஒரு துரும்பும் குறையாது. குறைக்கும்போது நடுவில் வரும் இந்திக்காரத் தொழிலாளி காட்சியையும் எடுத்துவிடுங்கள். அவர் பேச்சைக் கிண்டல் செய்வது கதைக்கு எந்த விதத்திலும் உதவவில்லை. உங்கள் கம்பெனி லைனில் உட்கார்ந்திருக்கிறவர்கள் உங்கள் படத்தைப் பார்க்க மாட்டார்களா என்ன? ஒடிசாவிலிருந்து வந்த பையன் பெரியப்பாவிடம் உங்களைவிட நல்ல கொங்குத் தமிழில் பேசிப் பேர் வாங்கிக்கொண்டு போவதாக எழுதுங்கள். அது நிஜத்திலும் நடக்கிறது, சிரிப்பும் வரும்.

சத்தத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், உங்கள் படத்தின் பாதி நோய் அங்கேதான். வசனத்தில் ஒரு சொல் காதில் விழாமல் போனால் சோகப் படத்துக்கு ஒன்றும் ஆகாது; அழுகையைப் பார்த்தே அழுதுவிடுவார்கள். நகைச்சுவையில் கடைசிச் சொல் விழவில்லை என்றால் அந்தக் காட்சியே வீண். உங்கள் படத்தில் முதல் காட்சி தறிக்குடோன் பக்கத்து வீட்டில். சடக் சடக்கென்று தறி ஓடுகிறது, வசனம் எங்கேயோ கிணற்றுக்குள். தறியை உங்களுக்காக யாரும் நிறுத்த மாட்டார்கள், நிறுத்தச் சொல்லவும் கூடாது. இடத்தை மாற்றுங்கள், அல்லது தறிச் சத்தத்தைக் கதைக்குள் கொண்டுவாருங்கள். தறிக்குப் பக்கத்தில் இருவர் ரகசியம் பேச வேண்டியிருந்தால், கத்தித்தான் பேச வேண்டும். தறி சட்டென்று நிற்கிற நொடியில் ரகசியம் ஊருக்கே கேட்கும்.

வீட்டுக்குள் எடுக்கும்போது மின்விசிறி, ஃப்ரிட்ஜ் இரண்டையும் அணையுங்கள். ஃப்ரிட்ஜை அணைத்தால் உங்கள் வண்டிச் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள். திரும்பப் போட மறந்தால் வீட்டுக்கே போக முடியாது. சினிமாக்காரர்களின் பழைய தந்திரம் இது. எதிரொலிக்கிற கான்கிரீட் அறையாக இருந்தால் கேமராவுக்குப் பின்னால் இருக்கிற சுவரில் பவானி ஜமக்காளம் இரண்டைத் தொங்கவிடுங்கள். உங்களுக்கு அதைவிட வசதி உண்டு: பனியன் வேஸ்ட் மூட்டை. நான்கு மூட்டையை மூலையில் அடுக்கினால் எதிரொலி குறையும். நடிகர் ஒவ்வொருவருக்கும் காலர் மைக், வாடகைக்கே கிடைக்கிறது. ஒவ்வொரு இடத்திலும் கிளம்புவதற்கு முன் எல்லோரையும் வாயை மூடச் சொல்லிவிட்டு முப்பது நொடி அந்த இடத்தின் வெறும் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள். வெட்டுகிற இடங்களில் ஒட்டுப்போட அது இல்லாமல் என்னைப் போன்ற எடிட்டர்கள் படும் பாடு கொஞ்சநஞ்சமல்ல.

முக்கியமாக, ஒருவர் ஹெட்போன் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். வேறு வேலை அவருக்குக் கிடையாது. இது எனக்கு அடிபட்டு வந்த புத்தி. ஆரம்ப காலத்தில் கோபி பக்கம் தடப்பள்ளி வாய்க்கால் கரையில் நண்பர்களோடு ஒரு குறும்படம் எடுத்தோம். ஹெட்போன் கொண்டுபோக மறந்தோம். மைக்கின் ப்ளக் பாதிதான் கேமராவுக்குள் போயிருந்தது, அன்று முழுக்க ஒருவரும் பார்க்கவில்லை. ராத்திரி வந்து போட்டுக் கேட்டால் வெறும் இரைச்சல். பத்து நாள் கழித்து ஒரு சின்ன அறையில் டப்பிங் பேசினோம். உதடு பொருந்தியது. ஆனால் வாய்க்கால் கரையில் எங்கள் வயிற்றைப் புண்ணாக்கிய அந்த வேகம் போன இடம் தெரியவில்லை. மாமனாக நடித்தவர், "நான் இப்படியா சொன்னேன்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் படத்தை இன்றுவரை யாருக்கும் காட்டவில்லை.

படப்பிடிப்பில் ஒரே ஒரு திருத்தம். உங்கள் படத்தில் டியூப் லைட் போட்ட காட்சிகளில் வெளிச்சம் அலை அலையாகத் துடிக்கிறது. நம் நாட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. கேமராவை 30 ஃபிரேமில், ஷட்டரை 1/60இல் வைத்தால் அப்படித்தான் ஆகும். 25 ஃபிரேம், 1/50 ஷட்டர் என்று வைத்துவிடுங்கள், தீர்ந்தது.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை. பெரியப்பா வீட்டுக் காட்சி கதையில் அரை மணி நேரம்கூட இல்லை. அதற்குள் பையனின் தாடி வளர்ந்து, குறைந்து, மறுபடி வளர்கிறது. ஐந்து ஞாயிறு ஓட்டியிருக்கிறீர்கள் போல. சனிக்கிழமை சம்பளம் போட்டு ராத்திரி லேட்டாக வீடு வந்து, ஞாயிறு எழுந்து ஓடுகிற பிழைப்பில் இதைத் தவிர்க்க முடியாதுதான். அதனால் கதையை ஞாயிற்றுக்குத் தகுந்தபடி எழுதுங்கள். ஒரு திண்ணை, இரண்டு பேர், ஒரு பத்திரிகை. காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தால் சாயங்காலத்துக்குள் முடிகிற படம். எழுதுவதற்கு நான்கு ஞாயிறு, எடுப்பதற்கு ஒன்று. இப்போது நீங்கள் தலைகீழாகச் செய்கிறீர்கள்.

கொங்குத் தமிழ் விஷயத்தில் உங்கள் நண்பர் சொல்வதை நான் ஏற்கவில்லை. கவுண்டமணி உடுமலைப்பேட்டைப் பக்கம் வல்லக்குண்டாபுரத்துக்காரர். பாக்யராஜ் கோபி பக்கம் வெள்ளாங்கோவில். மணிவண்ணன் சூலூர். கோவை சரளாவுக்குப் பெயரிலேயே ஊர் இருக்கிறது. இவர்கள் பேச்சுக்கு நாகர்கோவில்காரர் சிரிக்கவில்லையா? உங்கள் படத்தில் சிக்கல் வேறு. வரிக்கு வரி "ஏனுங்க", "வாங்கோ" என்று தெளித்திருக்கிறீர்கள், மோட்டார் சைக்கிளில் போகிற சமவயது நண்பர்கள் இருவர்கூட! நீங்கள் உங்கள் கூட்டாளியை "ஏனுங்க" என்றா கூப்பிடுகிறீர்கள்? "ஏன்டா மாப்ள" என்றுதானே? நம் பேச்சின் வேடிக்கை "ங்க"வின் எண்ணிக்கையில் இல்லை. கோபம் தலைக்கேறிய பிறகும் மரியாதை இறங்காமல் இருப்பதில் இருக்கிறது. "பெரிய மனுசனாச்சேன்னு பாக்கறனுங்க, இல்லீன்னா உங்களுக்குக் கூறே இல்லீன்னு சொல்லிப்போடுவனுங்க" என்று ஒருவர் சொன்னால், எதிரே இருப்பவருக்கு வாங்கிக்கொள்வதா திருப்பிக்கொடுப்பதா என்றே புரியாது. அந்தத் தடுமாற்றத்தை எழுதுங்கள். "மறுக்கா" என்ற சொல்லை எந்த ஊர்க்காரரும் அந்த இடத்தில் புரிந்துகொள்வார். அகராதி தேவைப்படாது.

பெண்கள் இல்லாத குழு என்பதால் அம்மா வேடத்துக்கு நண்பரில் ஒருவருக்கு விக் வைத்திருக்கிறீர்கள். பார்த்துச் சலித்த கூத்து. உங்கள் வீட்டு அத்தையையோ சித்தியையோ கேட்டுப் பாருங்கள். வசனமே வேண்டாம், அவர் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாலே போதும்.

இனி கேமராக்காரர். "கேமரா என்னுடையது, அதனால் படம் என்னுடையது" என்பது சட்டப்படி நிற்காது. 1957ஆம் வருடப் பதிப்புரிமைச் சட்டம், படத்தின் ஆசிரியர் என்று தயாரிப்பாளரைத்தான் சொல்கிறது. அந்தப் படத்தை எடுக்க முன்முயற்சியும் பொறுப்பும் எடுத்துக்கொண்டவரே தயாரிப்பாளர். கருவி யாருடையது என்பது அதில் வராது. அதே சமயம் கதை வசனத்தின் உரிமை தனி, அது எழுதியவருடையது. உங்கள் குழுவில் பொறுப்பு யாருடையது என்று எழுதிவைக்காததால்தான் இந்தப் பேச்சு வருகிறது. ஒரு தாளில் எழுதுங்கள்: தயாரிப்பு ஆறு பேரும் சேர்ந்து, கேமராவுக்கு நாள் வாடகை இவ்வளவு, எழுதியவர் இன்னார், வருமானம் வந்தால் பங்கு இப்படி. ஆறு பேரும் கையெழுத்துப் போடுங்கள். உரிமையை ஒருவர் இன்னொருவருக்கு மாற்றிக் கொடுப்பதானால் அது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை வருடம் என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம், எந்தெந்த நாடு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். அவர் கேமராவுக்கு வாடகை போட்டுக் கொடுங்கள், கையில் காசில்லாவிட்டால் கணக்கிலாவது எழுதுங்கள். மூன்று வருடமாகச் சும்மா வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள், அவருக்கும் மனத்தாங்கல் இருக்காதா?

சினிமா பின்னணி இசையையும் விட்டுவிடுங்கள். யூடியூபில் ஏற்றிய உடனே அது கண்டுபிடித்துவிடும். வருகிற விளம்பரப் பணம் இசைக்காரருக்குப் போகும், அல்லது படமே முடங்கும். உங்கள் ஊர் நோம்பிக்கு ஜமாப் மேளம் அடிக்கிற குழுவைக் கேளுங்கள். பேசிய தொகையைக் கொடுத்து, சம்மதம் எழுதி வாங்கி, அரை மணி நேரம் பதிவு செய்தால் ஐந்து படத்துக்கு ஆகும்.

பணம் வருமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதுவும் மனதில் இருக்கும். யூடியூபில் விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரர்களும் 12 மாதத்துக்குள் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். 4,000 மணி என்றால் 2,40,000 நிமிடம். ஆறு நிமிடப் படத்தை 40,000 பேர் கடைசிவரை பார்க்க வேண்டும். பாதியில் விட்டுப் போனால் 80,000 பேர். ஷார்ட்ஸ் என்கிற குட்டி வீடியோக்களின் நேரம் இந்தக் கணக்கில் சேராது. வருடத்துக்கு இரண்டு படத்தில் இது கடினம். வேலையை விட்டுவிடாதீர்கள்.

சென்னை? பெரிய படம் இயக்க வேண்டும் என்றால் ஒரு நாள் போகத்தான் வேண்டியிருக்கும். கலைஞர் தொலைக்காட்சியின் 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சியில் குறும்படம் எடுத்துக் காட்டித்தான் கார்த்திக் சுப்பராஜ், நலன் குமரசாமி எல்லாம் சினிமாவுக்குப் போனார்கள். அதற்குப் பிறகு குறும்படம் என்றாலே விசிட்டிங் கார்டு என்று ஆகிவிட்டது. எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை. சாமிக்கண்ணு வின்சென்ட் கோவையில் வெரைட்டி ஹால் என்ற தியேட்டரைக் கட்டியது 1914இல். சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோவும் கோவையில் சென்ட்ரல் ஸ்டூடியோவும் 1930களிலேயே வந்துவிட்டன. இந்த மண்ணில் இருந்துகொண்டு படம் எடுப்பது ஒன்றும் புதுசில்லை. காங்கேயத்துப் பெரியப்பாவை நீங்கள் கோடம்பாக்கத்தில் எங்கே தேடுவீர்கள்?

அடுத்த படத்தை முடித்ததும் குழுவுக்கு வெளியே மூன்று பேரிடம் காட்டுங்கள். காமெடிப் படம் என்று முன்கூட்டியே சொல்லாதீர்கள். திரையைப் பார்க்காமல் அவர்கள் முகத்தைப் பாருங்கள். போனை எடுக்கிற நொடியைக் குறித்துக்கொண்டு, அதற்கு முந்தைய முப்பது நொடியை வெட்டிப் பாருங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். "மறுக்காப் படி" காட்சியின் வெட்டாத பதிவு இருந்தால் அனுப்பிவையுங்கள். பெரியப்பா அதைச் சொன்ன பிறகு கேமரா எவ்வளவு நேரம் ஓடியது, அவர் கண்ணைத் திறந்து பார்த்தாரா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.